பதினான்காவது விருந்தாளி

என் தம்பி இனியனின் ஆல்பத்தில் பதிமூன்று பேர் பாடினார்கள். நான் பாடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, 'ச்சே, இவளெல்லாம் ஒரு அக்காவா' என்று முகம் சுளிக்கப்போகிறவர்கள் இந்த ஒரு வரியையும் நினைவில் வைத்துக்கொண்டு சுளிக்கட்டும்.

அது 1999 கோடை. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் வீட்டு கராஜில் கார் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் கேம்ரி வெளியே வெயிலில் காய, உள்ளே இனியனின் டிரம் மெஷினும் மிக்ஸரும் ஏசி போட்டுக்கொண்டு சுகமாக இருந்தன. சுவர் முழுக்கப் பழைய மெத்தை விரிப்புகளை ஆணியடித்து வைத்திருந்தான். இருபத்திரண்டு வயது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, மற்ற நேரமெல்லாம் ஹிப்ஹாப் புரொட்யூசர்.

புரொட்யூசர் என்றால் என்ன என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. தாளம் கட்டுகிறான், பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுகிறான், யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று கை காட்டுகிறான், ஆனால் இவன் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "ஏண்டா, உன்ற ஆல்பம்ங்கற, அட்டையில உன்ற பேருங்கற. நீ ஒரு வார்த்தை பாடலையே?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரன் பந்தியில் உட்காருவானா, வந்தவர்களைத்தானே உட்கார வைப்பான் என்றாள். அன்றிலிருந்து ராப் பாட வருகிற ஒவ்வொருவனும் அவளுக்கு விருந்தாளி. சனி, ஞாயிறு வந்தால் வீட்டுக்கு முன்னால் தரையதிர ஒரு கார் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற போர்ட் ஆர்தரிலிருந்தெல்லாம் வந்தார்கள். முன்பல் எல்லாம் தங்கமாய் ஒருவன், கதவில் குனிந்துதான் நுழைய வேண்டும், நாலு டம்ளர் ரசம் குடித்துவிட்டு அம்மாவை ஆன்ட்டி என்று கட்டிக்கொண்டான். அம்மா எல்லோரையும் "சாப்புட்டுப் போ சாமி" என்று பொள்ளாச்சித் தமிழிலேயே அதட்டினாள், அவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கராஜ் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று முதல் பதினான்கு வரை எண்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதைப் பாடியவனின் பெயரை எதிரே எழுதுவான். ஜூன் கடைசியில் பதிமூன்று பெயர்கள் நிரம்பிவிட்டன. பதினான்கு காலியாக இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு போனேன், வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குத்தான் என்று நினைத்தேன்.

ஏன் நினைக்கக் கூடாது? அந்த வீட்டில் பாட்டு என்றால் நான். வான்மதி திருமூர்த்தி என்றால் ஹூஸ்டன் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் எட்டு நவராத்திரி பாடியிருக்கிறேன். நான் சாதகம் பண்ணும்போது எதிரே உட்கார்ந்து குக்கர் மூடியில் தட்டித்தான் இந்தப் பையன் தாளமே கற்றுக்கொண்டான். கல்யாணி ராகத்தில் எனக்கென்று ஒரு பிடி உண்டு. மேலே காந்தாரத்தைத் தொட்டு, ஒரு மூச்சு அங்கேயே நின்று, கால் தடுக்கினாற்போல் சறுக்கி வந்து பஞ்சமத்தில் உட்காருவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த இடம் வந்தால் முன்வரிசை ஆன்ட்டிகள் 'ஆஹா' என்பார்கள்.

தொண்ணூற்று நாலில் தைராய்டில் கட்டி வந்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. யார் தப்பும் இல்லை, இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். குரல் போய்விட்டது. பேச வரும், மேலே ஏறாது. கரகரவென்று பாதி வழியில் நின்றுவிடும். அந்தக் கோபத்தில் நான் பாடிய கேசட்டை இனி யாரும் இந்த வீட்டில் போடக் கூடாது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் கேசட்டைச் சும்மா வைத்திருக்கிற வழக்கமே கிடையாது. அழியாமல் இருக்கக் கேசட்டின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுவார்கள். ஆனால் உடைத்த குழியின்மேல் செல்லோடேப் ஒட்டினால் எந்தக் கேசட்டிலும் மறுபடி ரெக்கார்ட் பண்ணலாம், அம்மாவுக்கு அது பாத்திரம் கழுவுவது மாதிரி. என் கச்சேரிகளின்மேல் ஆன்மிகச் சொற்பொழிவும் ஊரிலிருந்து வந்த சித்தியின் பேச்சும் ஏறின. நான் தடுக்கவில்லை.

ஆனாலும் அவன் என் தம்பி. கரகரத்த குரலாக இருந்தால் என்ன, அந்தத் தங்கப்பல்காரன் குரல் மட்டும் குயிலா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்காகக் கேட்காமல் விடுவதா?

ஜூலையில் பத்மநாபன் வர ஆரம்பித்தான். சென்னைப் பையன், ஹூஸ்டனில் எலக்ட்ரிகல் எம்.எஸ். பண்ணிக்கொண்டிருந்தான். கோவில் பஜனையில் பாடுவான். அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். அது போதாதென்று அம்மாவின் காபியை ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை புகழ்வான். தோளில் ஒரு பையோடு வந்து இனியனோடு கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். மூன்று வாரம் இப்படி. கதவில் காது வைத்தேன், ஆமாம், வைத்தேன். மெத்தை விரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் தோசை சாப்பிடும்போது, "பதினாலாவது யாருடா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சர்ப்ரைஸ்க்கா. பட் பெஸ்ட் வாய்ஸ் ஆன் த ஆல்பம்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு. தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுவாரச் சனிக்கிழமை மத்தியானம் அப்பா, அம்மா, இனியன் மூவரும் பேர்லேண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். தலைவலி என்று நான் இருந்துவிட்டேன். கேம்ரி திருப்பத்தில் மறைந்ததும் நேராகக் கராஜுக்குப் போனேன். டேப் டெக்கில் ஒரு கேசட் இருந்தது. மேலே இனியன் கையெழுத்தில் 'லாஸ்ட் கெஸ்ட்' என்று புது லேபிள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ப்ளே பட்டனை அமுக்கினேன்.

ஒரு ஆண்குரல். கனமாக, மெல்ல, தேன் ஒழுகுகிற மாதிரி ஆலாபனை பண்ணிக்கொண்டு போனது. கல்யாணி. நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. பொறுத்துக்கொண்டு கேட்டேன். அப்புறம் அந்தக் குரல் மேலே காந்தாரத்தைத் தொட்டது, ஒரு மூச்சு நின்றது, கால் தடுக்கினாற்போல் சறுக்கி வந்து பஞ்சமத்தில் உட்கார்ந்தது.

என் பிடி. என்னுடையது. அதைக் கொண்டுபோய் பத்மநாபனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். டேப்பை அங்கேயே நிறுத்தினேன். என்னைக் கூப்பிடவில்லை, சரி, தொலையட்டும். குரல்தான் இல்லை என்றால் என்னிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் எடுத்து இன்னொருத்தன் தொண்டையில் வைத்திருக்கிறான். படுபாவி, குக்கர் மூடியில் தட்டிய பயல்.

ஹூஸ்டன் பையன்களுக்கு எல்லாப் பாட்டும் மெதுவாக ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. காரில் பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் மாதிரி அலறவிட்டுக்கொண்டு போவார்கள். டெக்கில் வேகத்துக்கென்று ஒரு திருகு இருந்ததும், அது இடது ஓரம் வரை திரும்பியிருந்ததும் கண்ணில் பட்டது. ஆனால் பத்மநாபனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டால் பத்மநாபன்தான் கேட்கும்.

கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி வெளியே எடுத்தேன். காது உடைத்திருந்தது. யாரோ பத்திரப்படுத்த நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? நான் ரத்தம் எடுக்கிற லேபில் வேலை செய்கிறவள், கைப்பையில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். ஒன்றைப் பிரித்து அந்தக் குழியின்மேல் ஒட்டினேன். உள்ளே போட்டு, மைக்கை இழுத்து, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.

பாடினேன். ஐந்து வருடம் கழித்து. காந்தாரம் எட்டவில்லை, பாதியில் கிழிந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி கிழிந்தது. இருமினேன். திட்டினேன். "இது என்னோட பிடி. உன்ற ஃப்ரெண்டோடது இல்ல. கேட்டுக்கடா நல்லா" என்று மைக்கில் கத்தினேன். ஆறு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பிறகு நிறுத்தி, மைக்கை இருந்த இடத்தில் வைத்து, போய்ப் படுத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இனியன் எல்லோரையும் கராஜுக்குக் கூப்பிட்டான். அப்பா, அம்மா, நான். பத்மநாபன் ஏற்கெனவே அங்கே இருந்தான். பையைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே சால்டரிங் இரும்பும் திருப்புளிகளும். வேகத் திருகை இப்போது எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்கும், மூன்று வாரமாக வம்பு பண்ணியது, முந்தாநாள்தான் ஒருவழியாகச் சரியானது என்று அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தான். பாட வந்தவன் இல்லை. டெக் ரிப்பேர் பண்ண வந்தவன்.

"மண்டே ஸ்டூடியோவில இத காப்பி பண்ணணும். அதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும். அட்டிக்ல நாப்பது கேசட் தேடிப் பாத்தேன், இது ஒண்ணுதான் கெடச்சுது" என்று சொல்லி ப்ளே பட்டனை அமுக்கினான்.

என் கரகரத்த குரல் கிளம்பியது. கிழிந்தது, இருமியது, திட்டியது. பத்மநாபன் தன் திருப்புளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனியன் நிறுத்தவில்லை. ஆறு நிமிடமும் அத்தனை பேரும் நின்று கேட்டோம். அதன் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அந்த ஆண்குரல் விட்ட இடத்திலிருந்து வந்தது. இனியன் திருகைப் பிடித்து வலப்பக்கம் மெல்லத் திருப்பினான்.

குரல் மெலிந்தது. ஏறியது. ஆண்பிள்ளைக் கனம் கரைந்துபோய், உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். பதினெட்டு வயது. காந்தாரத்தைப் பூப்பறிப்பதுபோல் தொட்டாள், நின்றாள், சறுக்கினாள், உட்கார்ந்தாள். 'ஆஹா' என்றது முன்வரிசை. கைதட்டல். "இதுவரை பாடியது செல்வி வான்மதி திருமூர்த்தி" என்று கோவில் கச்சேரிகளை அறிவிக்கிற கஸ்தூரிரங்கன் அங்கிள் ஒலிபெருக்கியில் சொன்னார். அத்தோடு பதிவு தீர்ந்தது, மீதி டேப் காலி.

"எத்தன நேரம் மிச்சம்?" என்று கேட்டேன்.

"நாப்பது செகண்ட்" என்றான் இனியன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மிணி, எல்லாத்தையும் நாந்தான் அழிச்சேன். இது ஒண்ணு தப்பிச்சிருந்துச்சே" என்று அழுதாள். அப்பா வெளியே போய் வெயிலில் கேம்ரிக்குப் பக்கத்தில் நின்றார். காதை உடைத்து வைத்தவர் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

இனியன் கேசட்டை எடுத்துப் பார்த்தான். பிளாஸ்திரியைப் பார்த்தான். அதை நகத்தால் மெல்ல உரித்தான், காயத்திலிருந்து உரிப்பதுபோல். கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் பேனாவை எடுத்துக்கொண்டு தாளுக்குப் போனான்.

"வேண்டாம்டா. நாப்பது செகண்டுக்கு எதுக்குப் பேரு?"

"ஏழு நிமிஷம்க்கா" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். "மொத்தமும் நீதான். இதுல யார வெட்டச் சொல்ற?"

செப்டம்பரில் ஆல்பம் வந்தது. பதினான்காவது பாட்டில் தாளமே இல்லை. கேசட்டில் இருந்தது அப்படியே இருக்கிறது. நான் கிழிந்து, இருமி, தமிழில் திட்டுகிறேன். பிறகு அந்தக் கனத்த குரல் வந்து, ஏறி, அவள் வருகிறாள். தங்கப்பல்காரன் போன் பண்ணி அவள் பாடுகிற இடத்தில் அழுததாகச் சொன்னான். எல்லோரும் அவளைத்தான் கேட்கிறார்கள், யார் அந்தப் பெண், யார் அந்தப் பெண் என்று. முதல் ஆறு நிமிடம் கத்துகிறது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேலைக்குப் போகும்போது ஃப்ரீவேயில் சில நாள் அந்த சிடியைப் போடுகிறேன். என்னை முழுக்கக் கேட்பேன். இருமல்வரை கேட்பேன். 'டக்' என்று அந்தச் சத்தம் வந்ததும் அணைத்துவிடுவேன். அவள் நன்றாகத்தான் பாடுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.