தரவரிசைக்கு ஒரு பஸ் டிரைவர்

டாக்டர் பிரிட்சர்ட் அன்றைக்கும் குடையை மறந்துவிட்டு, நனைந்த தலையோடு என் பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மழை ஓயாத இந்தச் சுவான்சி ஊரில் குடையை மறக்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ஆதாரத்தை நம் வசதிக்கு வளைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை எடுத்தவர்.

"தரவரிசைப் பட்டியல் வந்துருச்சு நெரிஸ். நம்ம துறைதான் கடைசி. அடுத்த வருஷமும் இப்படின்னா இழுத்து மூடிருவாங்க."

"எதுல குறைஞ்சுது?"

"படிச்சவங்களுக்குக் கிடைச்ச வேலையில. கணக்கெடுப்புல ஒன்பது பேருதான் பதில் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் பதில் மாறினா பத்து இடம் ஏறுது, இறங்குது. இது ஒரு கணக்கா?"

"பணக்கார வீட்டுப் பையனுக்கு அப்பன் வேலை வாங்கித் தர்றான். பேரு மட்டும் காலேஜுக்கு. வெட்கங்கெட்ட பட்டியல்!"

"திட்டு, திட்டு. முன்னொரு வருஷம் மேல ஏறினப்ப கேக் வெட்டினதும் நாங்கதான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கடற்கரை நிறுத்தத்தில் நேரம் சரிசெய்ய ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்தேன். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. போன் அடித்தது; எடுத்தேன். படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் அதே கணக்கெடுப்பு. அடுத்த பட்டியலுக்கு என் வகுப்பின் முறை. பாழாய்ப்போன போன் இப்போதுதானா வர வேண்டும்!

எதிர்முனைக் குரல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று எழுந்தார்.

"கதவத் திற."

"மழை கொட்டுது. உக்காருங்க."

"நான் பக்கத்துல இருக்கக் கூடாது கண்ணு. திற."

திறந்தேன். அவர் இறங்கியதும் மூடினேன். அந்த நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது. சாலையோரம் போய், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை திரும்பிப் பார்த்து, பொய் சொல்லு என்று கண்ணைக் காட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றது குரல்.

"பஸ் ஓட்டுறேன்."

"மத்தவங்களுக்குப் பயிற்சி, மேற்பார்வை, அப்படி ஏதாவது?"

போன மாதம் ஒரு புதுப்பையனுக்கு வழி காட்ட இரண்டு நாள் கூடப் போயிருந்தேன். பயிற்சி அதிகாரி என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. பத்து இடம். வெளியே அவருடைய கோட்டு நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது.

"இல்லை. பஸ் மட்டும்தான்."

"அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப. அத அந்தப் பட்டியல்ல சேப்பாங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கடைசிக் கேள்வி. படிச்சத வேலையில பயன்படுத்துறீங்களா?"

கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர் அசையாமல் நின்றார். வைப்பரைப் போட்டேன்.

"இப்பதான் பயன்படுத்தினேன்" என்று போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் இன்னும் திரும்பவில்லை.