செவலையும் புள்ளியும்

கறிக்கடைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். கழித்துவிட்ட சேவல்கள் எல்லாம் கூண்டில் ஏறிவிட்டன. கொட்டகையில் இன்னும் இரண்டுதான் பாக்கி, செவலையும் புள்ளியும். ஒன்றைத்தான் இனம் பெருக்கும் வித்துச் சேவலாக வைக்க முடியும்.

"செவலைய அனுப்பிடு," என்றான் கணவன். "போன வாரம் பாப்பா கன்னத்தைக் கொத்திச்சே, மறந்துட்டியா? ஒரு நூல் தள்ளியிருந்தா கண்ணு."

"இவ துரத்தியிருப்பா," என்றாள் பக்கத்தில் நின்ற பாப்பாவைக் காட்டி.

"நல்லாயிருக்கு. பெத்த புள்ளைய விட்டுட்டு சேவலுக்கு வக்காலத்து வாங்கறே."

சுருக்கென்றது. ஆனால் செவலை, அவள் மூன்று கோழித் தலைமுறையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கிச் சேர்த்த ரத்தம். அதன் தாய் வெயில், மழை பார்க்காமல் முட்டையிட்டவள். பாதிக் கோழிகளை வாரிக்கொண்டு போன நோயில் இது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் கை நிறையச் சதை. புள்ளி சாது, அவ்வளவுதான். தொட்டால் நெஞ்சு கத்தி மாதிரி குத்தும். ஆள்மேல் பாய்கிற சேவலை வைத்தால் அதன் குஞ்சுகளும் பாயும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கேட்டவர்களுக்கெல்லாம் அவளே சொல்லியிருக்கிறாள்.

கணவன் கடைக்காரரிடம் பேசப் போனான்.

"பாப்பா, கொட்டகைக்குள்ள போயி அங்க கிடக்கற முட்டைய எடுத்துட்டு வா, கண்ணு."

"செவலை இருக்கேம்மா."

"ஒண்ணும் பண்ணாது. அம்மா இங்கதானே நிக்கறேன்."

குழந்தை குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தது. அவள் கம்பி வலையைப் பிடித்தபடி பார்த்தாள், குழந்தையை அல்ல, சேவலை. அதன் கழுத்து மயிர் சிலிர்க்காமல் படிந்தேதான் இருந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று மனசு குதித்தது. அப்புறம் அது ஓர் இறக்கையைத் தரையில் உரசி, பக்கவாட்டில் ஓரடி வைத்தது, பாய்வதற்கு முன் வைக்கிற அடி.

தான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். எழும்பிய சேவலுக்கும் குழந்தைக்கும் நடுவில் அவள் கை. கால்முள் முழங்கைவரை கிழித்தது. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

சத்தம் கேட்டுக் கணவன் ஓடிவந்தான். "இவ எதுக்கு உள்ள போனா?"

பாப்பா முட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "அம்மாதான் போகச் சொன்னாங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். நாலு வார்த்தை திட்டித் தொலைக்க மாட்டானா என்றிருந்தது அவளுக்கு. அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

செவலையை அவளே வண்டிக்குக் கொண்டு போனாள்.

"என்னா கனம்! இதையா குடுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"கூண்டை நல்லா சாத்துங்க," என்றாள்.