வெட்டியபின் மிஞ்சிய குரல்

கிட்ட வந்து உக்காருங்கோ, செல்லங்களா. ஃபேன் காத்து உங்க பக்கம் வரட்டும், எனக்கு வேண்டாம். ஒரு பாட்டைச் சுத்தம் பண்ணின கதை சொல்றேன். கேட்டு முடிச்சதும் வாய் கொப்பளிக்கத் தோணினால் என்னைத் திட்டாதீங்கோ.

நம்ம வலியசாலையில் ஜானவி என்று ஒருத்தி. பாங்க் உத்தியோகம். பாடினால் குரலில் நல்ல கனம்; கீழே இறங்கும்போது வெண்கலப் பானையைக் கையால் தட்டின மாதிரி நெஞ்சில் வந்து நிற்கும். சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திரவியம் அண்ணாச்சி, நம்ம கோயில் உற்சவத்துக்கு ஒரு பாட்டுப் பதிவு பண்ணினார். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. பெண் குரல் ஜானவி. ஆண் குரல் அண்ணாச்சியேதான், வேறே யாரு? கடைசி அடியை இருவரும் சேர்ந்து பாடவேண்டும். அங்கே ஜானவி சாமி பேரைச் சொல்லிக்கொண்டே கீழ் ஸ்தாயிக்கு இறங்குவாள். அந்த ஒரு இடத்தைத் தன் தெரு கேட்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் ஸ்டூடியோ. லிபின் என்கிற பையன்தான் மிக்ஸிங் பார்க்கிறவன். ஒரு குரலுக்குள் அடி ஒலி, நடு ஒலி, கீச்சொலி எல்லாம் உண்டு இல்லையா? எதைக் கூட்ட, எதைக் குறைக்க என்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோட்டை ஏற்றி இறக்குவான். அதற்கு ஈக்யூ என்று பேர். ரெண்டு குரல் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் ஒன்றைக் கொஞ்சம் ஒதுக்கி மற்றதற்கு வழி விடுவார்கள். கொஞ்சம்தான்.

ஜானவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அண்ணாச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றபடி, தன் குரலை மட்டும் தனியாகப் போடச் சொன்னார்.

"அடியக் கூட்டுடே. இன்னும். ஆங், இப்பம்லா ஆம்பிளைக் கொரலு!"

பிறகு ஜானவி குரலையும் சேர்த்துப் போட்டால், எல்லாம் ஆறின கஞ்சியாய்க் குழம்பிப்போயிற்று.

"எனக்க கொரல் எங்கடே போச்சு?"

"தனியா கேட்டு ஏத்தினா இங்ஙனதான், முதலாளி. ரெண்டும் சேர்த்து வச்சு கேக்கணும். உங்க அடியைக் குறைச்சா மதி, அது போதும்."

"எனக்க அடியையா? ஜானவி மாமிக்க அடியை வெட்டு!"

லிபினுக்கு அது தப்பென்று தெரியும். தெரிந்தும் இளித்தான். "முதலாளி பறைஞ்சா சரி." ஜானவி குரலின் அடியை ஒட்ட வெட்டினான். குரல் மெலிந்து காணாமல் போனதும், அதை ஈடுகட்டக் கீச்சொலியைத் தூக்கிவிட்டான்.

"மாமி, கேளுங்க. தேனு!" அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். பஞ்சில் அவர் தலை எண்ணெயும் வேர்வையும் ஊறிக் கிடந்தது. ஓரத்தில் பழம்பொரித் துணுக்கு ஒன்று. அதை வாங்கி ஜானவி காதில் வைத்துக்கொண்டாள், பாவம்.

கடைசி அடி வந்தது. அவள் இறங்கின இடத்தில் ஒன்றுமே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். பல்லிடுக்கில் காற்று சீறுகிற சத்தம். சாமி பேருக்கு நடுவே எச்சில் கூட்டி விழுங்குகிற சத்தம், காதுக்குள்ளே யாரோ சப்புகிற மாதிரி.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இதுலே நான் பாடினது இல்லையே. என் எச்சில்தான் இருக்கு. அதைக் கொண்டுபோய் சாமி முன்னாடி வைக்கப்போறேளா?"

அண்ணாச்சி, எச்சிலாகிவிடும் என்று நைவேத்தியப் பாயசத்தில் இனிப்புப் பார்க்கக்கூட யாரையும் விடாத மனுஷர். முகம் வெளுத்துவிட்டது. வெட்டினதைத் திருப்பி வைக்கச் சொல்வார் என்று ஜானவி காத்திருந்தாள்.

"எச்சிலா? சிவ சிவா! லிபினே, அதையும் வெட்டிக் களை!"

அவனும் வெட்டினான். அடி ஒலியும் போயிற்று, கீச்சொலியும் போயிற்று. நடுவில் தகர டப்பாவுக்குள் அடைபட்ட குளவி மாதிரி ஒரு முனகல்.

"இப்பம் சுத்தமாச்சு," என்று அண்ணாச்சி விரலைச் சப்பினார்.

"என் குரலை முழுசா எடுத்துடு லிபின்," என்றாள் ஜானவி.

"கோவமா சேச்சி?"

"நான் சொன்னதைச் செய்."

அவள் படியிறங்குவதற்குள், "போட்டும்டே, எடஞ்சல் ஒழிஞ்சுது," என்று உள்ளே கேட்டது. கீழே ஹோட்டல் குழாயில் காது இரண்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய் போகவே இல்லையாம்.

உற்சவத்தன்று கோயில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. அண்ணாச்சி உறுமுவார், ஜானவி பாடவேண்டிய அடிகளில் தம்பூரா மட்டும் தனியாய் இரையும், மறுபடி உறுமல். கடைசி அடியில் அவர் மட்டும் தொண்டை கமற இழுத்துக்கொண்டிருந்தார். சந்தனத் தட்டோடு நின்ற நம்ம தெரு ராமசுப்ரமணியன் மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நடுநடுவே அந்த மௌனம் வச்சேளே, அண்ணாச்சி, என்ன ஒரு தியானம்!"

"யோசிச்சு வச்சதாக்கும்," என்றார் அண்ணாச்சி.

பக்கத்தில் நின்ற ஜானவி கையிலிருந்த தீர்த்தத்தைக் குடிக்கவில்லை. கீழே விட்டுவிட்டு, வெளியே நடந்தாள்.

போய் வாங்கோ, செல்லங்களா. உங்க வீட்டில் தடித்த குரலும் கீச்சுக் குரலும், அழுகிறதும் அதட்டுகிறதும், எல்லாம் முழுசாக் கேட்கட்டும். ஒருத்தர் கணீரென்று கேட்க இன்னொருத்தர் வாய் மூடுகிற நாள் அங்கே வராமலே இருக்கட்டும். உலை கொதிச்சுண்டே இருக்கட்டும், எல்லாரும் சேமமா இருங்கோ.