ஒரு கோடியே பதினாறு லட்சம்

பச்சை எழுத்தில் ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சம் என்று காட்டுகிறது, போன வாரத்தைவிட நாற்பதாயிரம் கூடியிருக்கிறது, தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைபேசியை மூக்கருகே கொண்டுவந்து இன்னொரு தரம் பார்க்கிறார், பல் தேய்க்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, பற்றவைக்க ஆளும் இல்லை, ஆனாலும் அம்சா, நாப்பது ஏறியிருக்கு பாரு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, சொன்ன பிறகுதான் அம்சவேணி செத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது ஞாபகத்துக்கு வருகிறது, தினமும் இப்படித்தான், முதலில் விலை வருகிறது, அப்புறம் பெண்டாட்டி வருகிறாள், வந்து கூடத்துச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள், ஏங்க, அந்தப் போனைக் கொஞ்சம் வச்சுட்டு வந்து முதுகைத் தடவி விடுங்களேன் என்கிறாள், இதோ வரேன் என்கிறார், வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்குப் போய்த் தடவ முதுகு இல்லை.

பென்ஷன் வேலையாகப் போன இடத்தில், வரிசையில் முன்னால் நின்ற யாரோ காட்டிக்கொடுத்த ஆப் அது, வீட்டு விவரத்தைப் போட்டால் விலை சொல்லும், காசு கேட்காது, வீட்டுக்கு வந்த கையோடு தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டுப் பார்த்தார், தாம்பரத்தைத் தாண்டி குபேரன் நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, முக்கால் கிரவுண்டு, இரண்டு அறை, கட்டியது தொண்ணூற்றொன்றில், தொண்ணூற்றொரு லட்சம் என்றது, மூன்று லட்சத்தில் மனையோடு கட்டி முடித்த வீடு, பிறகு அவருக்குத் தோன்றியது, பூஜையறையும் அறைதானே, மூன்று அறை என்று மாற்றினார், ஏறியது, துணி துவைக்கிற கல்லுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்த இடத்தைக் கார் நிறுத்துமிடம் என்றார், ஏறியது, டைல்ஸ் போட்ட வருஷத்தைக் கட்டிய வருஷமாகக் கொடுத்தார், அது கிடுகிடுவென்று ஏறி ஒரு கோடியே பதினாறில் போய் நின்றது, தானே சோறு ஊட்டி வளர்த்த எண், தானே போய் அதன் காலில் விழுந்தார். முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்த மனிதர், எங்க வீட்ல இவ்வளவு ஓடாது சார் என்று கெஞ்சிய பெண்களிடமெல்லாம் மீட்டர் பொய் சொல்லாதும்மா என்று சொல்லிவிட்டு நடந்தவர், பூட்டியிருந்த வீடுகளுக்குத் தன் கையாலேயே உத்தேசமாக எண் எழுதியதும் அவர்தான், அது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது, அவருக்கு வேண்டாதது எல்லாம் சௌகரியமாக மறந்துவிடும்.

அந்த ஆப்பில் தண்ணீருக்குக் கட்டம் இல்லை, இருந்தால் பொய்தான் போட்டிருப்பார் என்பது வேறு விஷயம், வருஷம் தவறாமல் ஐப்பசி கார்த்திகையில் ஏரித் தண்ணீர் முழங்கால் வரைக்கும் உள்ளே வந்துவிட்டுப் போகும், போன பிறகு தை மாசிவரைக்கும் சுவர் ஓதமாகவே இருக்கும், சுண்ணாம்பு பொரிந்து உதிரும், படுக்கையறையில் கருப்பாகப் பூஞ்சை படரும், அம்சவேணி அந்த அறையில்தான் முப்பது வருஷம் படுத்தாள், முதலில் சளி என்றாள், பிறகு இரைப்பு என்றார்கள், கடைசியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரையீரல் இறுகிட்டு வருது, அந்த ஓதமான வீட்டை விட்டு முதல்ல வெளிய வாங்க, மாத்திரையெல்லாம் அப்புறம் என்றார். மகள் பிரபாவதி கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தாள், அப்பா, இதை வித்துடுங்க, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே சின்னதா ஒண்ணு பார்த்திருக்கேன், நல்ல வெயில், காத்து, அம்மா பொழச்சுக்குவாங்கப்பா என்றாள், விக்கலாம் விக்கலாம், நான் என்ன மாட்டேன்னா சொன்னேன் என்றார், மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

தரகர் துரைக்கண்ணு ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிறார், மருந்துக்கடை வைத்திருக்கிறவர்கள், நல்ல மாதிரியானவர்கள், அவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் தணிகாசலம் அம்சவேணியைக் கைத்தாங்கலாகப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைக்கிறார், கொஞ்ச நேரம் இருமாம இரு, இருமல் காதுல விழுந்தா விலையைக் குறைச்சுடுவாங்க என்கிறார், அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், கதவைச் சாத்துகிறார், ஜன்னலையும் சாத்துகிறார், மூச்சுக்குத் தவிக்கிறவளை ஜன்னல் இல்லாமல் உட்கார வைத்துவிட்டுக் கூடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பாவி. எழுபத்தெட்டு லட்சம் என்றார்கள், முழுவதும் வெள்ளையாகவே, ஒரே மாதத்தில் பதிவு, மகள் பார்த்து வைத்த வீட்டுக்கு அது தாராளமாகப் போதும், தணிகாசலம் கைபேசியை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். துரைக்கண்ணு அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், சார், உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், அதைக் காட்டாதீங்க, அது எப்படி விலை போடுதுன்னு தெரியுமா, இந்தப் பக்கம் வித்த விலையெல்லாம் அதுக்குத் தெரியாது, பத்திரத்துல எவன் சார் உண்மையை எழுதறான், அதனால அது அக்கம்பக்கத்துல கேக்கற விலையைப் பார்த்துப் போடுது, உங்க எதிர்வீட்டு மாசிலாமணி ஒண்ணு அஞ்சு கேக்கறாரு, ஏன் கேக்கறாரு, நீங்க ஒண்ணு பதினாறு சொல்றதால கேக்கறாரு, அவர் கேக்கறதால உங்களுக்கு ஏறுது, நீங்க ரெண்டு பேரும் தின்னுட்டுத் தூங்கற வரைக்கும் ஏறிட்டேதான் இருக்கும், வாங்கறவன் வேணாமா சார் என்றார். நீ கமிஷனுக்காகப் பேசறே என்றார் தணிகாசலம், ஆமா சார், கமிஷனுக்காகத்தான் பேசறேன், வித்தாத்தானே எனக்குக் கமிஷன் என்றார் அவர், மருந்துக்கடைக்காரர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள், பின்கட்டுக் கதவைத் திறந்தபோது அம்சவேணி நீலம் பாரித்துப் போயிருந்தாள், முந்தானையை வாயிலிருந்து எடுத்து, படிஞ்சுதா என்றாள், இதைவிட நல்ல பார்ட்டி வரும் என்றார், சரிங்க என்றாள், அவளுக்கு அவரிடம் சண்டை போடத் தெரியாது, தெரிந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாள்.

அடுத்த மழைக்காலமும் அந்த வீட்டில்தான், எழுபத்தைந்துக்கு ஒருவர் வந்தார், எழுபத்திரண்டுக்கு ஒருவர் வந்தார், ஆப்பில் ஒரு கோடியே பதினெட்டு என்றது, தண்ணீர் வந்த வாரத்தில்கூட அது ஐம்பதாயிரம் ஏறியது, கட்டில் மேல் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு, கீழே தண்ணீரில் தம்ளர் மிதந்து போக, தணிகாசலம் அந்த ஐம்பதாயிரத்தைப் பார்த்து மனம் குளிர்ந்தார், அதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா, பக்கத்திலிருந்த அம்சவேணிக்கே தெரியும், அவள் சிரித்தாள், சந்தோஷமா இருக்கீங்க என்றாள், குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் சந்தோஷம் அவளுக்கும் கொஞ்சம் போதுமாயிருந்தது, அதை நினைத்தால்தான் அவருக்கு இப்போது திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, ரெண்டு நாளோ மூணு நாளோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் குழாயெல்லாம் சொருகி அலைக்கழிக்காதீங்க, அவங்களும் வேணாங்கறாங்க, ஆக்சிஜன் வச்சுட்டுப் போறேன், பொண்ணை வரச்சொல்லுங்க என்றார், பிரபாவதி மறுநாள் ராத்திரி வந்து சேர்வதாக அழுதுகொண்டே சொன்னாள், அம்மாவைப் பேசச் சொல்லுங்கப்பா என்றாள், அம்சவேணி வாயசைத்தாள், சத்தம் வரவில்லை, வா என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் தணிகாசலம் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தார், அவிட்டம் என்று போட்டிருந்தது, கிழித்த கை அப்படியே நின்றது, அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தார், சதயம், அதற்கடுத்தது பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, ஐந்து நாளும் அடைப்பு, இந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் ஆறு மாதம் அந்த இடத்தை அடைத்துப் போட வேண்டும், விளக்கேற்றி வைப்பதைத் தவிர யாரும் புழங்கக்கூடாது, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அது அடைப்பு விழுந்த வீடு, இரண்டாவது தெருவில் அப்படி ஒரு வீடு நான்கு வருஷமாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது, பாதி விலைக்குக்கூட ஆள் இல்லை, ஆப்பில் இதற்கும் கட்டம் கிடையாது, ஆனால் வாங்க வருகிறவன் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் தெருமுனைப் பெட்டிக்கடையில் விசாரித்துவிடுவான். அவர் உள்ளே போய் அம்சவேணியைப் பார்த்தார், மூச்சு இழுத்து இழுத்து வந்தது, இதற்கு நடுவில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நேத்தே போயிருக்கலாமே, நேத்து திருவோணம் என்று நினைத்தார், நினைத்ததை இந்தப் பதினான்கு மாதத்தில் யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி பிரபாவதி பெட்டியோடு வந்து இறங்கியபோது வாசலில் பூட்டுத் தொங்கியது, அவள் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை, துரைக்கண்ணுவும் வருவதில்லை, கடைசியாக வந்தபோது அறுபத்தஞ்சுக்கு முடிச்சுத் தரட்டுமா சார் என்றார், இன்றைக்குக் காலையில் ஒரு கோடியே இருபத்திரண்டு.

அந்த அவிட்டத்தன்று, ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அம்சவேணியை ஸ்டிரெச்சரில் ஏற்றுகிறார்கள், ஆஸ்பத்திரி வேணாங்க, பிரபா வந்துடட்டும் என்று அவள் அவர் சட்டை நுனியைப் பிடிக்கிறாள், விரல்களைப் பிரித்து எடுக்கிறார், மெதுவாகத்தான் எடுக்கிறார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறார், ஜன்னல்களைச் சாத்துகிறார், கூடத்து விளக்கை அணைக்கிறார், வாசல் கதவைப் பூட்டிப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார், வண்டிக்குள் படுத்துக்கொண்டு அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அவர் ஏறி உட்கார்ந்ததும், அந்த முகம் திடீரென்று தெளிந்துவிடுகிறது, பல மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம், வித்துட்டீங்களா என்கிறாள், அவர் சாவியை இடுப்பில் செருகுகிறார், வீட்டை வித்தாச்சா, பிரபாகிட்டத்தான் போறோமா என்கிறாள், ஆமா என்கிறார், வேறு என்ன சொல்வது, அவளுக்குக் கண்ணோரம் நீர் வழிகிறது, எத்தனைக்குப் போச்சு என்கிறாள், ஒண்ணு பதினாறு என்கிறார், அப்போதும் அந்த முதல் எண்தான் வாயில் வருகிறது, யப்பா, அவ்வளவா என்கிறாள், முகமூடிக்குள்ளே சிரிக்கிறாள், நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு என்கிறாள், வண்டி கிளம்புகிறது, அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஏங்க, வாங்கினவங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கா என்கிறாள், இருக்கு என்கிறார் அவர் எதையோ சொல்ல வேண்டுமே என்று, அந்த ரூம்ல மட்டும் குழந்தையைப் படுக்க வைக்க வேணாம்னு சொல்லிடுங்க, மறந்துடாம சொல்லுங்க என்கிறாள், சொல்றேன் என்கிறார், அவள் கை அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது, பிறகு பிடிக்கவில்லை, ஆம்புலன்ஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு ஐயா என்றார், தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே, தெருமுனை தாண்டியாகிவிட்டதா என்று பார்த்தார்.