வளையத்துக்குக் கீழே

…அப்படியானால் குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்க ஒரே துண்டாகக் கடைந்த தாங்கியே சரி, தனித்தனி வளையங்கள் இலேசானவைதாம், ஆயினும் சுடும்போது வரும் உதைப்பில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் போதும், ஸ்கோப் காட்டுவது ஓரிடம், குண்டு போவது வேறிடம்… போயிற்றே. பட்டறை மேசைமேல் கொழுந்தனின் துப்பாக்கியைக் கவ்வியில் இறுக்கியபடி அவள் நினைத்தாள். காட்டுப்பன்றிக்கு வைத்த குண்டு வயல் காவலாளியின் கழுத்தில் பாய்ந்தது. விசாரித்தவர்களிடம் கொழுந்தன், “ஸ்கோப் ஆடியிருக்கணும்” என்றான். பூட்டிக் கொடுத்தவள் அவள்தானே, தலைகுனிந்து ஒப்புக்கொண்டாள், காவலாளியின் மனைவியிடமும் போய், “நான்தாங்க சரியா முடுக்கல, மன்னிச்சிடுங்க” என்றாள், அந்த அம்மாள் கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே அழைக்கவுமில்லை… எத்தனை நேரம் அப்படியே நின்றோம்?

“என்ன அண்ணி, அதுக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா? நாளைக்கு மறுபடி பன்றி சுடப் போகணும்.” கொழுந்தன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். பொறுப்பா, பழைய வளையங்களை இன்னும் கழற்றவே இல்லை என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைத் திருகில் வைத்தவள், ஏனோ நிறுத்தினாள். திருகு அசைந்தால் தெரியட்டும் என்று திருகின் தலைமேலும் வளையத்தின்மேலும் சேர்த்து அவள் இழுத்திருந்த நகப்பூச்சுக் கோடு எங்கும் பிசகாமல் நேராக இருந்தது, அடித்திருகுகளிலும் அப்படியே… திருகுகள் முரண்டுபிடித்துத்தான் கழன்றன. வளையத்துக்குக் கீழே இருந்த ஸ்கோப் குழாயைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள், நழுவியிருந்தால் உராய்ந்த தடம் பளிச்சென்று தெரியுமே, எங்கே அது, ஒரு கீறலாவது இருக்கக்கூடாதா, இல்லை, இல்லவே இல்லை.

“புதுசு ஆடாதுல்ல அண்ணி?”

“பழசும் ஆடலப்பா.”

அவன் நிலைப்படியை விட்டு உள்ளே வந்தான். பிறகு, கெஞ்சுவதுபோல், “அதை யார்கிட்டயாவது சொல்லணுமா?” என்றான்.

தெரிந்தேதான் இருந்திருக்கிறான்… கை நடுங்கியதா, அவசரமா, பன்றிக்குப் பின்னால் ஆள் நிற்பதைப் பார்க்கவே இல்லையா? கோபம் வரவேண்டும், வரவில்லை, மாறாக ஒரு கீறல் இருந்திருக்கலாமே, குற்றம் தன்னுடையதாகவே இருந்திருந்தால் நாலு திருகில் தீர்ந்திருக்குமே, இவன் இவனாகவே இருந்திருப்பானே என்று மனம் ஏங்கியது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடலாம், நாளைக்குப் போகாதே என்றாவது சொல்லலாம்… கை மட்டும் புதிய தாங்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தத் தனக்கு மனமில்லை என்பதையும் அவள் அப்போதுதான் கவனித்தாள்.