நாலாவது நிமிஷம்

மாவு பிசையும் மெஷின் அன்றும் நாலாவது நிமிஷம் தானாக நின்றது. தங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்கா உயிரோடு இருந்தவரை இப்படித்தான் சத்தமில்லாமல் பின்னால் வந்து சுவிட்சை அணைப்பாள்.

இவர்கள் கடையில் ரொட்டிக்குப் போடும் இந்த ஸ்பெல்ட் கோதுமை இருக்கிறதே, சாதாரணக் கோதுமைக்குப் பங்காளிதான், ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. தவிடோடு அரைத்த அந்த மாவில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும், பிசைவது கொஞ்சம் நீண்டாலும் தொளதொளத்துவிடும். ரொட்டி எழும்பாமல் தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். தங்கைக்கோ அடித்துப் பிசைந்தால்தான் திருப்தி. சண்டை வெடித்ததும் அதில்தான். "உன் கை பட்டாலே மாவு செத்துடும், வெளிய போடி!" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது அக்கா கத்தினாள். "அப்ப நீயே கட்டிக்கிட்டு அழு!" என்று இவள் ஏப்ரனை வீசிவிட்டுப் போனாள். இரண்டு மாதம் பேச்சில்லை. அப்புறம் பேசுவதற்கு அக்காவே இல்லை.

இப்போது கடை இவள் தலையில். "நார்ச்சத்து, இரும்புச்சத்து எல்லாம் நிறைய இருக்கு. ஆனா குளூட்டனும் இருக்கு, கோதுமை ஒத்துக்காதவங்க தொடாதீங்க." அக்கா எல்லோரிடமும் பாடும் பாட்டு, இவள் வாயிலிருந்து அக்கா குரலிலேயே வந்தது. ரொட்டி வாங்க வந்த டீச்சர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

ஒவ்வொரு காலையும் மெஷின் நின்றதும், "இன்னும் கோபமாக்கா?" என்று கேட்பாள். அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாளோ என்பதுதான் இவளை அரித்துத் தின்றது.

பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக்கிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"அது ரிப்பேர் இல்ல மேடம். உள்ள நாலு நிமிஷ டைமர் இருக்கு, நான்தான் மாட்டினேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

"யார் மாட்டச் சொன்னா?"

"உங்க அக்காதான். 'இனிமே என் தங்கச்சிதான் கடையப் பாத்துப்பா, அவளுக்கு நிறுத்தத் தெரியாது'ன்னாங்க."

"எப்போ?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு. ஆட்டோ வாசல்ல நிக்குது, நான் முடிக்கிறவரைக்கும் ஏற மாட்டேன்னுட்டாங்க. வேண்டாம்னா கழட்டிடவா?"

கழட்ட வேண்டாம் என்று அவள் தலையை வேகமாக ஆட்டினாள். பிறகு மாவு மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்து, சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து, "அக்கா!" என்று வாய்விட்டு அழுதாள்.