பச்சை நாடா வைத்த தொப்பி

ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டபோது குவாபாரா தோஷியுகி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒசாகாவில் அவர் வேலை பார்த்த பம்பு கம்பெனி ஆள் குறைப்பதற்காக, முன்கூட்டியே விலகுகிறவர்களுக்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்றது. முதலில் கை தூக்கியவர் இவர்தான். தொண்ணூறு வயது வரைக்குமான அரிசி, வரி, பல் வைத்தியம், கடைசியில் தன்னை எரிக்க ஆகும் செலவு என்று ஒன்றையும் விடவில்லை. பட்டப்பகலில் ஓர் ஆண்பிள்ளை தெருவில் நடமாடுவதற்கு என்ன செலவாகும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தன் தெருவை வேலை நாளில் வெளிச்சத்தில் பார்த்ததே கிடையாது.

அவர் மனைவி சயோகோவுக்கு அந்தத் தெரு அத்துப்படி. காலையில் ஆண்கள் எல்லாரும் ரயிலுக்கு ஓடிவிட்டால் அப்புறம் பெண்களும் கிழவர்களும் பார்சல் கொண்டு வருகிற பையன்களும்தான். அந்தத் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில், பொரித்த பலகாரம் விற்கும் பிரிவில், வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு வேலை. மீதி நாட்களில் வீட்டில் அவள் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்துக்குள்தான் ஏப்ரல் மாதம் புருஷன் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒருநாள் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று, "தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கோ?" என்று கேட்டார். வந்ததே கோபம் அவளுக்கு.

"என்னங்க, கொஞ்ச நேரம் எங்கயாவது போயிட்டு வாங்களேன். உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க, சரி. எனக்கு யாரு குடுத்தா?"

"எங்க போறது?"

"எங்கயோ! பூங்கா இருக்கு, காத்து இருக்கு. நீங்க இப்படி பின்னாலயே நின்னா எனக்கு மூச்சு முட்டுது."

மனுஷர் சமையலறையை விட்டு வெளியே வந்தார். ஓய்வு பெற்ற அன்று அவள் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறத் தொப்பியை, ஓரத்தில் பச்சை நாடா வைத்த அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று முதல் தினமும் மூன்று மணிக்குப் போவதும் சாயங்காலம் திரும்புவதுமாக இருந்தார். சயோகோவும் நிம்மதியாக நூடுல்ஸ் கொதிக்க வைத்தாள்.

ஜூலையில், பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடப்போகிற வாரம், குடியிருப்போர் சங்கத்து நிஷிவாக்கியம்மா பலகாரக் கடைக்கு வந்தாள். அவளுக்குத் தெரியாமல் அந்தக் குடியிருப்பில் ஒரு பூனை குட்டி போட முடியாது. நான்கு உருளைக்கிழங்கு வடை கேட்டுவிட்டு, செல்போனைச் சயோகோவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தியா இத? பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாத் தாய்மாருக்கும் வந்திருக்கு. என் மருமக அனுப்புனா."

பூங்கா அருகே சந்தேகத்துக்குரிய நபர் என்று தலைப்பு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண். முதல் வகுப்பு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தபடி கூடவே நடந்து சென்றார். மாணவியின் தாய் வந்ததும் விலகிச் சென்றுவிட்டார். சாம்பல் நிறத் தொப்பி, ஓரத்தில் பச்சை நாடா.

சயோகோவின் கையிலிருந்த இடுக்கியிலிருந்து வடை நழுவி எண்ணெய்த் தட்டில் விழுந்தது.

"வேலை நேரத்துல பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் நல்லவனாவா இருப்பான்? வேலை வெட்டி இல்லாத ஜென்மம்!" என்றாள் நிஷிவாக்கியம்மா. "ஆமா, உன் வீட்டுக்காரர் இப்பவும் ஆபீஸ் போறார்தானே? ஆளையே காணோம்."

"வீட்லேர்ந்தே வேலை பாக்குறார்" என்றாள் சயோகோ. பொய் அவ்வளவு வேகமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் துணி துவைக்கும் கூடையைக் கிளறினாள். அவருடைய சட்டையில், வயிற்றுப் பக்கம், ஈர மண் அப்பியிருந்தது. பைக்குள் ஊதா நிறத்தில் மை கொட்டினாற்போல ஒரு கறை. விரலை விட்டுப் பார்த்தால் நசுங்கிய பூ ஒன்று. இந்த வயதில் இவர் பைக்குள் பூ எதற்கு?

"நேத்து எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள், சாதாரணமாகக் கேட்பதைப் போல.

"சும்மா, நடந்துட்டு வந்தேன்."

"சட்டையில மண்ணு?"

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கயாவது பட்டிருக்கும்."

ஏதோ மறைக்கிறார். அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ராத்திரி படுக்கையில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து குடைந்தது. சரியாக மூன்று மணிக்கு ஏன் கிளம்புகிறார்? பள்ளிக்கூடம் விடுகிற நேரமல்லவா அது? போன வாரம் இனிப்பு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தாரே, அதை யார் தின்றது? சேச்சே, என் புருஷனா, என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் ராத்திரி வந்து தூங்கி காலையில் ஓடிய ஆளை உனக்கு என்ன தெரியும், என்று இன்னொரு பக்கம் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்தவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் குப்பை எடுக்கிற நாள். அந்த ஊரில் குப்பைப் பை உள்ளே இருப்பது தெரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சயோகோ தொப்பியை எடுத்து, கடை விளம்பரத் தாள்களில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, பைக்கு நடுவே காய்கறித் தோலுக்குள் புதைத்தாள். கீழே கொண்டுபோய் மற்ற பைகளோடு வைத்துவிட்டு, காக்கைக்காகப் போட்டிருக்கும் வலையை அவசரமாக இழுத்து மூடிவிட்டு ஓடி வந்தாள்.

"என் தொப்பிய பாத்தியா?" என்று மூன்று மணிக்குக் கேட்டார் தோஷியுகி.

"இல்லையே. எங்கயாவது விட்டுட்டு வந்திருப்பீங்க."

அவர் செருப்பு அலமாரியை இன்னொரு தடவை திறந்து பார்த்தார். பிறகு வெறுந்தலையோடு அந்த வெயிலில் இறங்கினார்.

சயோகோவுக்கு அன்று விடுமுறை. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். திருமணமாகிப் பெண் பெற்று வளர்த்தபின் சொந்தப் புருஷனைத் திருடனைப் போலத் தொடர்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

அவர் பூங்காவில் பெரிய கற்பூர மரத்தை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று எழுந்து, குளிர்பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கம் போய், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். காசு போடவில்லை. பட்டனையும் அமுக்கவில்லை. தலையைக் குனிந்தபடி நின்றார்.

"மாமா!" என்று ஒரு சின்னப் பெண் கத்தினாள். "மாமா, இன்னிக்கு மூணு பூத்துது!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்க வாசல் வழியாக, ஏறக்குறைய ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

சயோகோ குடையை மடக்கிவிட்டு அந்தப் பெண்ணிடம் போனாள். "யாரும்மா அது? என்ன பூத்துது?"

"தொட்டி மாமா. லீவுக்கு எங்க செடிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்ல? கனமா இருந்துச்சா, ரோட்டுல வச்சுட்டு அழுதேன். அவர்தான் தூக்கிட்டு வந்தார். ஒரு பூ விழுந்துருச்சு, அத அவருக்கே குடுத்துட்டேன். அப்புறம் அம்மா வந்து தொட்டியப் பிடுங்கிட்டாங்க. என்னையும் திட்டுனாங்க."

ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கிற அந்த ஊதாப் பூக்கொடி! சயோகோவின் மகளும் ஒரு காலத்தில் அதைத் தூக்க முடியாமல் அழுதிருக்கிறாள். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். கற்பூர மரத்தின் நிழல் அப்போதுதான் பெஞ்சின் மேல் முழுதாக வந்திருந்தது. மூன்று மணிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தால் தோல் வெந்துவிடும்.

சின்னப் பெண்ணோடு அவள் தாராளமாகவே பேசியிருந்தாள். வழியில் போன இரண்டு தாய்மார்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனார்கள்.

திரும்பும் வழியில் அவருக்குப் பிடித்த விலாங்கு மீன் வறுவல் வாங்கினாள். சட்டை, பூ, தொப்பி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று படியேறினாள். கதவைத் திறந்தால், செருப்பு அலமாரியின் மேல் தொப்பி. கசங்கி, ஒரு பக்கம் கிழிந்து, முள்ளங்கித் தோலும் டேப்போடு கிழிந்த விளம்பரத் தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

தோஷியுகி உள்ளே மேஜையருகே உட்கார்ந்திருந்தார்.

"நிஷிவாக்கியம்மா கொண்டு வந்து குடுத்தாங்க" என்றார். "காக்கா வலையைத் தள்ளிட்டு பையைக் கிழிச்சிருச்சாம். அதே பையில நம்ம பேர் போட்ட கவரும் இருந்துதாம். 'தொலஞ்சுபோச்சுன்னு தேடுவீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன்'னு சொன்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. என் முகத்தப் பாத்துக்கிட்டே சொன்னாங்க."

எதை மறைக்க நினைத்தாளோ, அதை அவளே பொட்டலம் கட்டி ஊர் வாயில் கொடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க, நீங்க ஒரு தப்பும் செய்யல. அந்தக் குழந்தையே சொல்லிச்சு, தொட்டியத் தூக்கிட்டு வந்தீங்கன்னு..."

"குழந்தை சொல்லிச்சா?"

"ஆமா, இப்பத்தான்..."

"அப்ப, அது சொன்னதுக்கப்புறம்தான் நம்புன."

"அந்தக் குழந்தையோட அம்மா சந்தேகப்பட்டா பட்டுட்டுப் போகட்டும். அவங்களுக்கு என்னைத் தெரியாது" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நானும் அவமானமா இருந்துச்சுன்னு சொல்லாம விட்டது தப்புதான். ஆனா நீ தாளைச் சுத்தி, அதுக்கு மேல டேப் வேற ஒட்டியிருந்தியே சயோகோ."

விலாங்கு மீனை இருவரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அவர் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார். பழைய கோட்டு, பழைய கைப்பெட்டி. வேலைக்குப் போன காலத்தில் கிளம்பிய அதே நேரத்துக்குக் கிளம்பினார். சயோகோ மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே தெருக் கூட்டிக்கொண்டிருந்த நிஷிவாக்கியம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். கோட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், இடுப்பை வளைத்து வணங்கினாள்.

"வேலைக்கா? நல்லதாப் போச்சு! போயிட்டு வாங்க, பாத்து!"

அவரும் வணங்கிவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். ரயிலடிக்குப் போகிற மற்ற கோட்டுகளோடு கலந்த பிறகு அவளால் அவரை அடையாளம் காண முடியவில்லை.

அந்த வாரத்தோடு தெருவில் பேச்சு அடங்கிவிட்டது. சயோகோ தினமும் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுக்கிறாள். மத்தியானத்தில் வீடு முழுக்க அவளுக்குத்தான், பின்னால் வந்து நின்று தண்ணீர் அளவு கேட்க ஆள் இல்லை. அவர் இருட்டிய பின் வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கலாம் என்று நாக்கு நுனி வரை வரும். கேட்டால் மறுபடியும் சந்தேகப்படுகிறாள் என்றுதானே நினைப்பார்? அதனால் அவள், "இன்னிக்கு வெயில் அதிகமா?" என்று மட்டும் கேட்கிறாள். ஆமாம் என்கிறார் அவர்.